சிறிய கையில் பெரிய முட்டை
(தோமஸ் லிப்டன் என்ற வியாபாரியின் கதை)

தோமஸ் லிப்டன் சிறுவனாக இருந்தபோது தன் தகப்பனாருக்கு ஒரு யோசனை சொன்னாராம். கடைக்கு முட்டை வாங்க வருகிறவர்களுக்கு இனிமேல் தாயார்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், தகப்பனார் கொடுக்கக் கூடாது என்பதே அந்த யோசனை. தகப்பனாருக்குப் பெரிய கை, அதில் முட்டை சின்னதாகத் தெரிகிறது. தாயாரின் கை சிறியது. அதே முட்டை அந்தக் கையில் பெரிதாகத் தெரியும்.

உயர்தர வகுப்பில் வணிகக் கல்விப் பாடத்துக்கு ஒப்படை எழுதும்போதுதான் இந்தக் கதை என் கண்ணில் பட்டது. விளம்பரம் நுகர்வோரின் மனதை எப்படி வளைக்கிறது என்பது எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு. தோழியர் பலர் கைத்தொலைபேசிக் கம்பனிகளையும் குளிர்பானக் கம்பனிகளையும் எடுத்துக்கொண்டார்கள். நான் லிப்டனை எடுத்ததற்குக் காரணம் எங்கள் கடை. உட்துறைமுக வீதிப் பக்கம் வாப்பா ஒரு சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். விடியற்காலையில் கடலால் வருகிறவர்கள் முதலில் கேட்பது தேயிலையும் சீனியும்தான். விடுமுறை நாட்களில் கடையின் கணக்குக் கொப்பி என் பொறுப்பு. ஆகவே தேயிலை விற்ற ஒருவரின் வாழ்க்கை எனக்குத் தூரத்துக் கதையாகத் தெரியவில்லை.

லிப்டன் 1848ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கோர்பல்ஸ் என்ற ஏழைக் குடியிருப்பில் பிறந்தவர். அவரோ தான் 1850இல் பிறந்ததாகவே சொல்லி வந்தார். வயதில்கூட இரண்டு ஆண்டு தள்ளுபடி! அவரைப் பற்றிய கதைகள் பல அவர் வாயிலிருந்தே வந்தவை என்பதால், வாசிக்கும்போது கொஞ்சம் உப்பும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் அயர்லாந்தின் பெர்மனா மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். கிளாஸ்கோவில் ஒரு சின்னக் கடை போட்டு, அயர்லாந்திலிருந்து வந்த வெண்ணெயும் முட்டையும் இறைச்சியும் விற்றார்கள்.

பையன் சிறு வயதிலேயே படிப்பை விட்டான். கடதாசிக் கடையில் எடுபிடி வேலை, பிறகு சட்டைத் துணி வெட்டும் இடத்தில் வேலை, பிறகு கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்ட்டுக்கும் இடையில் ஓடிய நீராவிக் கப்பலில் பணியாள். கப்பலில் கேட்ட கதைகள் அவனை அமெரிக்காவுக்குத் துரத்தின. வேர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டம், தென் கரோலினாவில் நெல் வயல், கடைசியில் நியூயோர்க்கில் ஒரு பெரிய கடை. அந்தக் கடையில்தான் பொருளை அடுக்கும் விதமும், வெளிச்சமும், வாடிக்கையாளரிடம் பேசும் முறையும் விற்பனையை எப்படிக் கூட்டுகின்றன என்று பார்த்தார். ஊர் திரும்பியபோது தாயாருக்கு ஒரு பீப்பாய் மாவும் ஆடுகதிரை ஒன்றும் கொண்டுவந்தார். அவற்றை வண்டியின் கூரையில் வைத்து, தெருவே பார்க்கும்படி ஓட்டிவந்தார் என்பார்கள்.

1871இல் கிளாஸ்கோவில் தன் சொந்தக் கடையைத் திறந்தார். மங்கலான, அழுக்கான கடைகளே இருந்த காலத்தில் அவருடைய கடை வெளிச்சமாக இருந்தது. பணியாளர் வெள்ளை மேலங்கி அணிந்தார்கள். பொருள் மலிவு. இடைத்தரகரை விட்டுவிட்டு அயர்லாந்து விவசாயிகளிடம் நேரே வாங்கினார். இரவில் கடையிலேயே படுத்தார். இதுவரை எல்லாம் நேரான வியாபாரம். எந்த வாப்பாவும் மகனுக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடியது.

அதன்பிறகு வந்தவைதான் என் ஒப்படைக்கு உதவின. கடையின் யன்னலில் வாரந்தோறும் புதிய கேலிச்சித்திரம் தொங்கவிடுவதற்கென்று ஓர் ஓவியரை அமர்த்தினார். சாமான் வாங்காதவர்களும் படம் பார்க்க வந்தார்கள். கடைக்குள் இரண்டு வளைந்த கண்ணாடிகள் வைத்தார். ஒன்றில் பார்ப்பவர் ஒல்லியாகத் தெரிவார், அது லிப்டனிடம் போகும்போது. மற்றதில் கொழுத்துத் தெரிவார், அது லிப்டனிடமிருந்து திரும்பும்போது. அவருடைய கடையில் பன்றியிறைச்சி முக்கியமான சரக்கு. நமக்கு ஆகாத பொருள் என்றாலும் விளம்பரக் கதையை விட்டுவிட முடியாது: கொழுத்த பன்றிகளுக்கு லிப்டனின் அநாதைகள் என்று எழுதிய துணியைக் கட்டித் தெருவழியே நடத்திக்கொண்டு போனார். போக்குவரத்து நின்றது, பத்திரிகைகள் எழுதின. அந்த எழுத்துக்கு அவர் காசு கொடுக்கவில்லை.

ஒரு பவுண் நாணயத்தாள் போலவே தோன்றும் துண்டுக் கடதாசிகளை அச்சிட்டார். கூர்ந்து வாசித்தால்தான் தெரியும், 15 ஷில்லிங் கொடுத்தால் ஒரு பவுண் பெறுமதியான சாமான் தருவேன் என்ற அறிவிப்பு அது என்று. (அந்நாளில் ஒரு பவுணுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்.) உண்மையான காசு என்று நம்பியவர்களும் இருந்தார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடி எல்லோரும் சிரிக்கிற வேடிக்கை. ஆனால் எழுத்து வாசிக்கத் தெரியாதவரிடம் காசு போன்ற கடதாசியைக் கொடுப்பது வேறு.

1881ஆம் ஆண்டு நத்தாருக்கு நியூயோர்க் மாநிலத்திலிருந்து மிகப் பெரிய பாலாடைக்கட்டி ஒன்றை வரவழைத்தார். அதற்கு ஜம்போ என்று பெயர். துறைமுகத்திலிருந்து கடைவரை தெருவின் இரு பக்கமும் சனம். அந்தக் கட்டிக்குள் தங்கப் பவுண் நாணயங்களைப் புதைத்து வைத்திருந்தார். வெட்டி விற்கத் தொடங்கிச் சுமார் இரண்டு மணி நேரத்தில் முழுவதும் தீர்ந்துவிட்டது. வாங்கியவர்களில் மிகச் சிலருக்கே தங்கம் கிடைத்தது. மற்றவர்கள் பாலாடைக்கட்டியைச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். பின்னர் வேறொரு நகரில் இதையே செய்தபோது, நாணயம் தொண்டையில் சிக்கலாம் என்று பொலிஸார் எச்சரித்தார்களாம். லிப்டன் அந்த எச்சரிக்கையையே விளம்பரமாகப் போட்டார். கிடைக்கலாம் என்ற எண்ணம் கிடைக்காது என்ற கணக்கை மறைத்துவிடும். பக்கற்றுக்குள் விளையாட்டுப் பொருள் இருக்கும் இனிப்பைக் கேட்டு அழும் பிள்ளையைக் கடையில் சமாளிக்கும் உம்மாமாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரொபர்ட் சாயொன்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பொருள் தெரியாத சொற்களையும் எழுத்துகளையும் மக்களுக்குச் சில தடவையும் பல தடவையும் காட்டினார். எது அதிகமாகக் கண்ணில் பட்டதோ அதுவே நல்லது என்று அவர்களுக்குத் தோன்றியது. லிப்டனுக்கு அந்த ஆய்வு தேவைப்படவில்லை. தன் பெயரைச் சுவரிலும் வண்டியிலும் மனிதர் முதுகிலும் எழுதி, அது பழகிய பெயராகும்வரை விடாமல் காட்டினார்.

1880களின் முடிவில் பிரித்தானியாவின் நகரங்களில் எல்லாம் அவருக்குக் கடைகள் இருந்தன. அப்போதுதான் தேயிலை வியாபாரத்துக்கு வந்தார். நல்ல தேயிலை அன்று ஓர் இறாத்தல் ஏறத்தாழ 3 ஷில்லிங். தொழிலாளி வீட்டுக்கு அது எட்டாத விலை. லிப்டன் 1 ஷில்லிங் 7 பென்ஸுக்கு விற்றார். இந்த இடத்தில் அவருக்கு நியாயமாகப் புகழ் சேர வேண்டும். விலை உண்மையாகவே பாதியளவுக்கு வந்தது, ஏழை வீட்டில் தேநீர் கொதித்தது.

ஆனால் 3 ஷில்லிங் என்ற பழைய எண்ணும் அவருக்காக வேலை செய்தது. டானியல் கானெமன், ஏமொஸ் ட்வேர்ஸ்கி என்ற இருவர் 1974இல் எழுதிய கட்டுரையில் ஒரு பரிசோதனை இருக்கிறது. எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுழற்றுவார்கள். அது 10இல் அல்லது 65இல் நிற்கும்படி முன்பே செய்திருந்தார்கள். பிறகு ஐக்கிய நாடுகள் சபையில் ஆபிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10ஐப் பார்த்தவர்களின் நடு விடை 25, 65ஐப் பார்த்தவர்களின் நடு விடை 45. சக்கரத்துக்கும் ஆபிரிக்காவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முதலில் கேட்ட எண்ணில் மனம் நங்கூரம் போட்டுவிடுகிறது. துறைமுகத்துப் பிள்ளைகளான நமக்கு இந்த உவமை நன்றாகவே விளங்கும்: நங்கூரம் விழுந்த பிறகு கப்பல் அசையும், ஆனால் சங்கிலியின் நீளத்துக்குத்தான் அசையும். பெருநாள் காலத்தில் துணிக்கடையில் வெட்டப்பட்ட பழைய விலைக்குப் பக்கத்தில் புதிய விலை எழுதியிருப்பது எதற்கு என்று எண்ணிப் பாருங்கள். பழைய விலைக்கு அந்த உடுப்பை யாராவது வாங்கியிருக்கிறார்களா என்று நாம் கேட்பதில்லை.

அதுவரை தேயிலை பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்தே விற்கப்பட்டது. நிறையில் குறையும், தூளில் கலப்படமும் சாதாரணம். லிப்டன் கால், அரை, ஒரு இறாத்தல் பக்கற்றுகளில் அடைத்து விற்றார். பக்கற்றுத் தேயிலை அவர் கண்டுபிடித்ததன்று. ஹோர்னிமன் என்பவர் 1826இலேயே தொடங்கிவிட்டார். ஆனால் லிப்டனின் பக்கற்று பளிச்சென்ற நிறத்தில் எங்கும் ஒரே மாதிரி இருந்தது, நிறை சரியாக இருந்தது. ஒவ்வொரு நகரின் தண்ணீருக்கும் ஏற்றபடி தனித்தனிக் கலவை தயாரிப்பதாகவும் அறிவித்தார். உப்புச் சுவையுள்ள கிணற்றுத் தண்ணீரில் ஊற்றிய தேத்தண்ணீரையும் குழாய்த் தண்ணீரில் ஊற்றியதையும் குடித்துப் பார்த்த நம்மூரவர்கள் இதை வெறும் பேச்சென்று தள்ளமாட்டார்கள்.

பக்கற்று வந்ததும் ஒரு பழக்கம் போய்விட்டது. வாங்குகிறவர் தூளை விரலால் தொட்டு, மணந்து பார்ப்பது நின்றது. மூக்கின் வேலையைக் கண் எடுத்துக்கொண்டது.

இதைச் சோதிக்க வீட்டில் ஒரு சிறிய பரீட்சை வைத்தேன். எங்கள் கடைத் தகரப் பெட்டியில் இருந்த ஒரே தூளை இரண்டு கேத்தலில் போட்டேன். ஒன்று சாதாரணத் தூள், மற்றது தங்கநிறப் பக்கற்றில் வந்த இரட்டை விலைத் தேயிலை என்று சொல்லி ஊற்றிக் கொடுத்தேன். மூத்தம்மா, சாச்சி, தம்பி மூவரும் இரட்டை விலையையே தெரிவு செய்தார்கள். சாச்சி அதன் நிறமே வேறு என்றார். வாப்பா மட்டும் இரண்டு கோப்பையையும் மூக்கருகே கொண்டுபோய், இரண்டும் நம் கடைத் தூள்தானே என்று கேட்டார். நாளும் பொழுதும் நிறுத்துக் கொடுக்கிறவர் அல்லவா. உண்மையைச் சொன்ன பிறகும் மூத்தம்மா நம்பவில்லை. ஒரு வீட்டுப் பரீட்சை ஆய்வாகாது என்று ஆசிரியை ஒப்படையின் ஓரத்தில் எழுதியிருந்தார், அதுவும் சரி.

லிப்டன் இலங்கைக்கு வந்தது 1890இல். அவுஸ்திரேலியாவுக்குப் போவதாகச் சொல்லிக் கப்பலேறியவர் கொழும்பில் இறங்கிவிட்டார். அப்போது இங்கே தோட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்திருந்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைப் பயிர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஹப்புத்தளைப் பக்கம் தம்பதென்ன உட்படப் பல தோட்டங்களை லிப்டன் வாங்கினார். மலையுச்சியில் பறித்த கொழுந்தைத் தொழிற்சாலைக்கு இறக்கக் கம்பிவடம் அமைத்தார். அவருடைய தேயிலை கொழும்பில் கப்பலேறியது. நம் துறைமுகம் அந்நாளில் பிரித்தானியக் கடற்படையின் துறைமுகம்.

தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்ப் பாத்திரத்துக்கு வருகிறது என்பதுதான் அதன்பிறகு அவருடைய விளம்பரத்தின் சாரம். கேட்பவருக்கு லிப்டன் விற்கும் இலை எல்லாம் லிப்டனின் மலையில் வளர்ந்தது என்று தோன்றும். உண்மையில் அவர் விற்ற பெருந்தொகையில் ஒரு சிறு பகுதியைத்தான் அவருடைய தோட்டங்கள் தந்தன. மிச்சம் மற்றவர்களைப் போலச் சந்தையில் வாங்கிக் கலந்தது. சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, மனதில் பதிந்ததோ உண்மையில்லை. விளம்பரக் கலையில் இதைவிடக் கெட்டிக்காரத்தனம் வேறில்லை என்றே எனக்குப் படுகிறது.

விளம்பரப் படங்களில் கூடையோடு நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண் வந்தாள். சிரித்த முகம், சுத்தமான சேலை, பின்னால் பச்சை மலை. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, காட்டுவழியே நடந்து மலையேறிய குடும்பங்களின் பெண்கள் அவர்கள். லயத்து அறையும் அட்டைக்கடியும் படத்தில் இல்லை. முகத்தைப் பார்த்தால் மனம் நம்பும், அதனால் முகம் மட்டும் வந்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது 2021இல், லிப்டன் தம்பதென்னவை வாங்கி 131 ஆண்டுகளுக்குப் பிறகு.

கடலும் அவருக்கு விளம்பரப் பலகைதான். ஒருமுறை அவர் சென்ற கப்பல் செங்கடலில் தரைதட்டி, பாரத்தைக் குறைக்கச் சரக்குகளைக் கடலில் வீசினார்கள். வீசுவதற்கு முன் அந்தப் பெட்டிகளில் லிப்டன் தேநீர் குடிக்கும்படி வர்ணத்தில் எழுதிவிட்டாராம். இதைச் சொன்னவரும் அவரேதான். எங்கள் கடைக்கு வரும் வயதான சம்மாட்டி ஒருவர் இந்தக் கதையைக் கேட்டு, உயிருக்குப் பயந்தவன் அப்படி எழுதமாட்டான், அந்தக் கப்பல் அவ்வளவு ஆபத்தில் இருந்திருக்காது என்று தீர்ப்புச் சொன்னார்.

1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவுக்கு இலண்டன் ஏழைகளுக்கு விருந்து கொடுக்க வேல்ஸ் இளவரசி ஒரு நிதி தொடங்கினார். தேவைப்பட்டது 30,000 பவுண், சேரவில்லை. பெயர் சொல்லாத ஒருவர் 25,000 பவுண் கொடுத்தார். அது லிப்டன் என்பது விரைவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இலட்சக்கணக்கானோர் வயிறாரச் சாப்பிட்டார்கள். 1898 தொடக்கத்தில் அவருக்கு சேர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் அவருடைய கம்பனி பொதுமக்களுக்குப் பங்குகள் விற்றபோது வாங்க முண்டியடித்தார்கள். கொடை உண்மையா, வியாபாரமா என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். சாப்பிட்டவர்களின் பசி உண்மை. நிய்யத்தை நாம் நிறுக்க முடியாது.

கடந்த ஆண்டு ஒரு கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி எங்கள் கடைக்கு வந்தார். தங்கள் தேயிலைப் பக்கற்றைக் கண்ணுக்கு நேரான தட்டில் வைத்து, நிறுத்து விற்கும் தகரப் பெட்டியை உள்ளே எடுத்து வைத்தால், கடைக்குப் புதிய பெயர்ப்பலகை இலவசமாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார். எங்கள் பலகை உப்புக்காற்றில் துருப்பிடித்து, வாப்பாவின் பெயரில் பாதி எழுத்து இல்லை. பலகை போட நல்ல செலவாகும். ஆனால் கடலால் வருகிறவர்களில் பலர் அன்றன்றைய காசுக்கு 50 கிராம், 25 கிராம் என்று வாங்குகிறவர்கள். பெட்டி கண்ணில் படாவிட்டால் அவர்கள் கேட்கமாட்டார்கள், பக்கற்றை எடுத்துக்கொண்டு சீனியைக் குறைப்பார்கள். வாப்பா இரண்டு நாள் யோசித்தார். என்னிடமும் கேட்டார். நான் கணக்குக் கொப்பியை விரித்து, ஒரு மாதத்தில் நிறுத்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டினேன். பக்கற்று இப்போது கண்ணுக்கு நேராகவே இருக்கிறது, நல்ல தேயிலைதான். தகரப் பெட்டியும் மேசையில் இருக்கிறது. பலகை பழையதுதான்.

லிப்டனின் கடைசி முப்பது ஆண்டுகளில் அவரைப் பெரிதும் பிரபலப்படுத்தியது தோல்வி. அமெரிக்கக் கிண்ணம் என்ற பாய்க்கப்பல் போட்டிக்கு ஷம்ரொக் என்ற பெயரில் ஐந்து கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினார்: 1899, 1901, 1903, 1920, 1930. ஐந்து முறையும் தோல்வி. 1920இல் முதல் இரண்டு ஓட்டங்களையும் வென்று, அடுத்த மூன்றையும் இழந்தார். ஒவ்வொரு முறையும் சிரித்தபடி வென்றவர்களைப் பாராட்டினார். அமெரிக்கர் அவரைத் தங்கள் வீட்டு மனிதராக எண்ணத் தொடங்கினார்கள், அங்கே அவருடைய தேயிலை விற்பனையும் பெருகியது. வென்றவர்களின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? தோற்று நிற்பவரிடம் மனம் இளகும் என்பதை அவர் கணக்குப் போட்டுத்தான் செய்தாரா என்று எனக்குத் தெளிவில்லை. 82 வயதில் ஐந்தாம் முறையும் வந்து நின்றவருக்கு அந்தக் கிண்ணம் மெய்யாகவே வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். 1930இல் அமெரிக்கப் பொதுமக்கள் சிறு சிறு தொகையாகக் காசு சேர்த்து அவருக்கென்று ஒரு தங்கக் கிண்ணம் செய்து கொடுத்தார்கள். அவர் மறுபடியும் வருவதாகச் சொன்னார்.

1931ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி இலண்டனில் காலமானார். மணம் முடிக்கவில்லை, பிள்ளைகள் இல்லை. சொத்தின் பெரும்பகுதியைக் கிளாஸ்கோவின் ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் எழுதிவைத்தார். கோர்பல்ஸ் பக்கத்திலுள்ள மயானத்தில் பெற்றோரோடு அடக்கமானார். அவருடைய பெயர் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. யூனிலீவர் நிறுவனம் அந்தப் பெயரோடு சேர்த்துத் தன் தேயிலை வணிகத்தின் பெரும்பகுதியை 2022இல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது.

தம்பதென்னவில் அவர் உட்கார்ந்து தோட்டங்களைப் பார்த்த மலையுச்சியை இப்போது லிப்டன் இருக்கை என்கிறார்கள். விடியற்காலையில் சுற்றுலாப் பயணிகள் முச்சக்கர வண்டியில் ஏறிப் போகிறார்கள். வழியில் வண்டியை நிறுத்தி, கூடையோடு நிற்கும் பெண்களைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.